தலை தட்டாத டம்ளர்

கல்யாணமாகி நாற்பத்தொரு நாள் நானும் அவரும் ஒரே வீட்டில் இருந்தோம். நாற்பத்திரண்டாம் நாள் அவரை மீனம்பாக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். அதற்கப்புறம் அவர் மஸ்கட்டில். நான் மயிலாப்பூரில், அவருடைய அம்மாவோடு. ஒப்பந்தம் இரண்டு வருடம், நடுவில் லீவு கிடையாது. தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் இது ஒன்றும் அதிசயமில்லை. நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் யாராவது வளைகுடாவில் இருந்தார்கள். அதனால் ஐயோ பாவம் என்று சொல்லக்கூட எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

அவர் எழுதும் கடிதம் 'அன்புள்ள அம்மாவுக்கு' என்றுதான் ஆரம்பிக்கும். அத்தை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு எழுத்து விடாமல் உரக்கப் படிப்பார். கேட்க இருப்பது நான் ஒருத்திதான், இருந்தாலும் சபையில் படிப்பது போலத்தான் படிப்பார். 'அவளை விசாரித்ததாகச் சொல்லவும்' என்று கடைசியில் ஒரு வரி வரும். அந்த 'அவள்' நான். பத்து நாள் காத்திருந்து என் பங்குக்குக் கிடைப்பது அவ்வளவுதான்.

பதில் எழுதுவதும் அப்படித்தான். நீல ஏரோகிராமில் அத்தை பொடி எழுத்தில் எல்லாச் செய்தியும் எழுதி முடித்துவிட்டு, கடைசி மடிப்பை மட்டும் எனக்கு விட்டுவைப்பார். நாலு விரல் அகலம் இருக்கும். நான் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே பசை டப்பாவோடு நிற்பார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, ஒட்டி உடனே தபால் பெட்டியில் போட வேண்டுமே என்ற பரபரப்புதான். ஆனால் மாமியார் பசையோடு நிற்கும்போது ஒருத்தி தன் புருஷனுக்கு என்னத்தை எழுதுவாள்? 'நான் நலம். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.' இதைத் தாண்டிக் கை நகராது. போன் என்று பார்த்தால், மாதம் ஒருமுறை மாடி வீட்டுக்கு வரும். அங்கே அவர்கள் குடும்பமே டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், நீங்க, ஆச்சு. மூன்று நிமிடம் முடிந்துவிடும்.

அப்படி இருந்தபோதுதான் ஒருநாள் அவர் ரசம் வைப்பது எப்படி என்று கேட்டு எழுதினார். 'அவளை எழுதச் சொல்லவும்' என்று தெளிவாகப் போட்டிருந்தார். நான் கடைசி மடிப்பு முழுக்க ரசம் எழுதினேன். அத்தையும் பசையோடு நின்று பார்த்துவிட்டு, "பெருங்காயத்தை விட்டுட்டியே" என்றாரே தவிர வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த கடிதத்தில் அரைப் பக்கம் எனக்கென்றே வந்தது. ரசம் எப்படி நுரைத்தது, எந்த நேரத்தில் இறக்கினார், யார் யார் குடித்தார்கள் என்று. அத்தை அதையும் உரக்கத்தான் படித்தார். படிக்கட்டுமே. அது எனக்கு வந்த வரிகள் என்று எனக்குத் தெரியும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நாங்கள் காதலித்தது அப்புறம்தான். கூட்டிலும் குழம்பிலும் ஊறுகாயிலும் காதலித்தோம்.

ஊறுகாயில்தான் தகராறு வந்தது. எலுமிச்சை ஊறுகாய்க்கு நான் பன்னிரண்டு பழம் என்று எழுதினேன். அவர் பன்னிரண்டு பழம் வாங்கிப் போட்டுவிட்டு, 'இங்கே எலுமிச்சை ஒவ்வொன்றும் சாத்துக்குடி சைஸ். உப்பு ஒரு மூலைக்குக்கூடக் காணவில்லை' என்று பதில் எழுதினார். நெல்லிக்காய் ஊறுகாய்க்கு எண்ணெய் ஒரு டம்ளர் என்றேன். 'எந்த டம்ளர்? எங்கள் அறையில் ஆறு பேர். ஆறு பேரிடமும் ஆறு அளவில் டம்ளர். நம் வீட்டு டம்ளர் இங்கே ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒரு தராசு இருக்கிறது. இனிமேல் எதுவானாலும் கிராமில் எழுது.' நம் வீட்டு டம்ளர் என்று எழுதியிருந்தார் பாருங்கள், அந்த ஒரு வார்த்தைக்காக நான் அன்றைக்கு முழுவதும் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

அதற்கடுத்த பிப்ரவரிக் கடைசியில் மாங்காய்த் தொக்கு கேட்டார். அது அத்தையின் கைப்பக்குவம். பிள்ளை சின்ன வயதிலிருந்து தின்று வளர்ந்தது. ஊரைவிட்டுப் போய் ஒன்றே முக்கால் வருடம் ஆகியிருந்தது. 'இங்கே கடையில் பச்சை மாங்காய் வந்திருக்கிறது. தொக்கு இல்லாமல் இன்னொரு கோடையை என்னால் தள்ள முடியாது. கிராமில் வேண்டும், மறக்காதே.'

அத்தையிடம் கேட்டேன்.

"அதுல என்னம்மா இருக்கு? நாலு டம்ளர் துருவல். கால் டம்ளர் உப்பு, கால் டம்ளர் மிளகாய்த்தூள். ஒரு டம்ளர் நல்லெண்ணெய். வெந்தயத்தை வறுத்துப் பொடி பண்ணிப் போடணும். அவ்வளவுதான்" என்றார்.

நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். ஒருமுறை செய்து காட்டுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கல்யாணமாகி இத்தனை நாள் ஆகியும் ஒரு தொக்கு தெரியவில்லையா என்று நினைத்துவிடுவாரோ என்ற வீம்பு. என் பிறந்த வீடு மேற்கு மாம்பலத்தில். அங்கே நாங்கள் தொக்கைக் கடையில் வாங்கித்தான் தின்றோம்.

எடை பார்ப்பது எனக்கொரு கஷ்டமே இல்லை. நான் அப்போது மயிலாப்பூரிலேயே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி லேபில் அசிஸ்டென்ட். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு தட்டுத் தொங்கும் தராசு என் பொறுப்பில்தான் இருந்தது. ஊதினால் ஆடும். எடைக்கற்களைக் கையால் தொடக்கூடாது, இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். வீட்டிலிருந்து இரண்டு கிளிமூக்கு மாங்காயும் உப்பும் மிளகாய்த்தூளும் எண்ணெயும் துருவியும் அத்தை அளக்கும் அந்த டம்ளரும் பையில் எடுத்துக்கொண்டு போனேன். பிளஸ் டூ பிராக்டிகல் முடிந்து லேப் காலியாக இருந்த மத்தியானம் அது.

துருவினேன். டம்ளரில் போட்டேன். இரும்பு ஸ்கேலை வைத்து விளிம்போடு ஒரே இழுப்பாக வழித்தேன். தலை தட்டிய அளவு, சுத்தமான அளவு. லேபில் எதையும் அப்படித்தான் அளப்போம். கும்பாரமாக அளந்தால் மிஸ் காதைத் திருகுவார். பீக்கரில் கொட்டி எடை பார்த்தேன். பீக்கரின் எடையைக் கழிக்க மறக்கவில்லை. நூற்றுப்பத்து கிராம். மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் ஒரு கிராம் முன்னே பின்னே அதேதான். நாலு டம்ளருக்கு நானூற்று நாற்பது. உப்பையும் அதே போலத் தலை தட்டி நிறுத்தேன். கால் டம்ளர் உப்பு அறுபது கிராம்.

கெமிஸ்ட்ரி மிஸ் உள்ளே வந்தார்.

"என்னடி நடக்குது இங்க?"

"மாங்காய் மிஸ்."

"மாங்காய்னு தெரியுது. என் தராசுல மாங்காய்க்கு என்ன வேலை? புளிப்பு பட்டா தட்டு என்னத்துக்கு ஆகும்?"

"அவருக்கு அளவு வேணுமாம் மிஸ். கிராம்ல."

மிஸ் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அவருக்கு என் கதை தெரியும். பிறகு பீக்கரிலிருந்து ஒரு பிடி துருவலை எடுத்து, நான் நிறுத்து வைத்திருந்த உப்பிலேயே தொட்டு வாயில் போட்டுக்கொண்டு, "தட்டை சோடா உப்புத் தண்ணியில கழுவி வை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏரோகிராமின் கடைசி மடிப்பில் கட்டம் போட்டு எழுதினேன். துருவல் நானூற்று நாற்பது. உப்பு அறுபது. மிளகாய்த்தூள் இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு. அத்தை பார்த்துவிட்டு, "அடேயப்பா, மருந்துச் சீட்டு மாதிரி இருக்கே" என்றார். எனக்கு ஒரே பெருமை. இந்த வீட்டில் யாராலும் முடியாததை நான் செய்துவிட்ட மாதிரி.

ஏப்ரல் ஆரம்பத்தில் பதில் வந்தது. 'தொக்கு நன்றாக வந்தது. தினமும் சாப்பிடுகிறேன்.' அத்தை படிக்கும்போது நான் அடுப்படி வாசலில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? அடுத்த பத்தியில், கம்பெனியில் இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறார்கள் என்றும், மே முடிவதற்குள் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தார். 'அம்மா என்ன சொல்கிறீர்கள்?'

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். வேளச்சேரியில் ஒரு மனை பார்த்திருந்தோம். அப்போது அது வெறும் காடு, மழை பெய்தால் ஏரி. ஆனாலும் மனை. இன்னும் இரண்டு வருடம் அவர் அங்கே இருந்தால் கைக்கு வந்துவிடும்.

"போடட்டும்" என்றார் அத்தை. "சின்னஞ்சிறுசுங்க. சொந்தமா ஒரு இடம் வேணாமா?" என்னைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்ற?"

நான் என்ன சொல்வேன்? வேண்டாம், வரச் சொல்லுங்கள், எனக்கு மனையும் வேண்டாம் மண்ணும் வேண்டாம், எனக்கு அவர் முகமே மறந்துகொண்டு வருகிறது என்று சொல்லியிருக்க வேண்டும். நிஜமாகவே மறந்துகொண்டு வந்தது. போட்டோ முகம்தான் ஞாபகம் இருந்தது, அசையும் முகம் போய்விட்டது. "நீங்க சொன்னா சரிதான் அத்தை" என்றேன்.

ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மஸ்கட் அறையில் அவரோடு தங்கியிருக்கும் தம்பி ஒருவர் வந்தார். பட்டினப்பாக்கத்துக் கடலோரக் குடும்பம், அப்பா அண்ணன் எல்லாம் மீன் பிடிப்பவர்கள், இவர் மட்டும் அங்கே ஃபிட்டர். ஒரு வார அவசர லீவில் வந்திருந்தார். பேரீச்சம்பழமும் பால்பவுடரும் கொண்டுவந்து கொடுத்தார். அத்தை காபி போட உள்ளே போனதும், சட்டைப்பையிலிருந்து ஒட்டிய கவர் ஒன்றை எடுத்து என் கையில் திணித்தார்.

"அண்ணன் உங்க கையில மட்டும் குடுக்கச் சொன்னாரு அண்ணி. சனிக்கிழமை வந்து பதில் வாங்கிக்கினு போறேன். ஞாயித்துக்கிழமை எனக்கு ஃப்ளைட்டு."

முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். எதையாவது பேச வேண்டுமே என்று, "தொக்கு நல்லா வந்துச்சாமே, நீங்களும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்.

"சொன்னா அண்ணன் என்னை அடிப்பாரு."

"சொல்லுங்க."

"அண்ணி, நான் கடக்கரையில பொறந்தவன். எனக்கே தாங்கல. வாயில வெச்சா உப்பு அப்படியே ஏறுது. கடல் தண்ணி தோத்துது போ. தூக்கிப் போடுன்னு அல்லாரும் சொன்னோம். கேக்கல. இன்னா பண்றாரு தெரியுமா? ஒரு கரண்டி எடுத்து வெந்நீர்ல அலசி அலசித் துன்றாரு. இன்னும் பாதி பாட்டில் கீது. 'என் பொண்டாட்டி கிராம் கணக்குல எழுதினது, அது தப்பாவாது, நான்தான் சரியா பண்ணல'ன்றாரு. எவனையும் தொட வுடல."

அத்தை காபியோடு வந்துவிட்டார். அந்தத் தம்பி காபி குடித்துவிட்டு, அத்தையிடம் "போய்ட்டு வரேம்மா" என்று சொல்லிக் கிளம்பினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. என் புருஷனை அப்போதே பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்த்து, அந்தப் பாட்டிலைப் பிடுங்கித் தெருவில் கொட்டி, தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைக்க வேண்டும் போலிருந்தது.

குளியலறையில் தாளிட்டுக்கொண்டு கடிதத்தைப் படித்தேன். என் பெயரைப் போட்டு ஆரம்பித்திருந்தார். அதுவே முதல் தடவை. ஒரு பக்கம்தான். 'அம்மா சொன்னது தெரிந்தது. உனக்கு என்ன தோன்றுகிறது என்று தெரியவில்லை. நீ வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுது போதும், நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஜூலையில் வந்துவிடுவேன்.'

ஒரு வார்த்தை. ஆறு நாள் இருந்தது எனக்கு.

முதலில் உப்பு விஷயத்தைக் கவனித்தேன். அதை விட்டுவிட்டு வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. எங்கே தப்பு? மறுநாள் காலை மாங்காய் வாங்கிக்கொண்டு வந்து, "அத்தை, இன்னைக்குத் தொக்கு கிளறுங்க, நான் பாக்கறேன்" என்றேன். அத்தைக்கு ஆச்சரியம், சந்தோஷமும்கூட. துருவிக்கொண்டே எதையோ பேசிக்கொண்டிருந்தார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். துருவலை அள்ளி டம்ளரில் போட்டார். கட்டைவிரலால் ஓர் அழுத்து. மறுபடி அள்ளிப் போட்டார். மறுபடி ஓர் அழுத்து. அதற்கு மேல் ஒரு கோபுரம், சரிகிற வரைக்கும். அது ஒரு டம்ளர்! பிறகு உப்பு ஜாடியைத் திறந்து கால் டம்ளர் எடுத்தவர், ஆள்காட்டி விரலால் நறுவிசாக வழித்து மட்டம் பண்ணினார்.

"அத்தை, காய்க்கு மட்டும் ஏன் தலை தட்டல?"

"காயைப் போய் யாராவது தலை தட்டுவாளா? பழம், காய், அரிசி, இதெல்லாம் கை நிறைய அளக்கணும். தலை தட்டினா வீட்டுக்கு ஆகாது. உப்புக்கும் காரத்துக்கும்தான் தட்டணும்." கொஞ்சம் யோசித்து, "உங்க வீட்டுல எப்படி?" என்றார்.

எங்கள் வீட்டில் எப்படியோ, லேபில் எல்லாவற்றுக்கும் ஒரே நீதி. நான் மாங்காய்க்கும் உப்புக்கும் ஒரே மாதிரி தலை தட்டிவிட்டேன். அத்தை டம்ளர் என்று சொன்னதும் நான் டம்ளர் என்று எடுத்துக்கொண்டதும் ஒன்றே இல்லை. ஆனால் நான் யாரிடமும் கேட்கவில்லை. மருந்துச் சீட்டு மாதிரி எழுதிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தாலும் லேபில் ஸ்டாக் எடுக்கும் வேலை இருந்தது. மறுநாள் மாங்காய், துருவி, டம்ளரோடு போனேன். அத்தை அழுத்தியது போலவே அழுத்தினேன், கோபுரம் கட்டினேன். அவ்வளவையும் பீக்கரில் போட்டால் தட்டு தாங்காது, இரண்டு பாதியாக நிறுத்துக் கூட்டினேன். நூற்று எழுபத்தைந்து. நாலு டம்ளருக்கு எழுநூறு கிராம். நான் எழுதியது நானூற்று நாற்பது. பாவி மனுஷன், ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு உப்பைத் தின்றுகொண்டிருக்கிறார்.

அழுத்தும்போது கொஞ்சம் கூடக் குறைய இருக்குமோ என்று சந்தேகம். மறுபடி அளந்தேன். புதன்கிழமையும் போனேன், வியாழக்கிழமையும் போனேன். மிஸ், "மாங்காய் சீசன் முடியறதுக்குள்ள நீ ஆராய்ச்சியை முடிப்பியா?" என்று கேட்டார். மூன்று நாளும் வீட்டில் தொக்குதான், தெருவுக்கே கொடுத்தோம். இப்போது நினைத்தால் எனக்குப் புரிகிறது. எழுநூறு என்று எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும். அந்த ஒரு வார்த்தையை எழுதுவதைத் தள்ளிப்போடத்தான் மாங்காயை நிறுத்துக்கொண்டே இருந்தேன்.

ஏன் தள்ளிப்போட்டேன்? பயம். வெந்நீரில் அலசித் தின்ற மனுஷன் எனக்கு என்ன எழுதினார்? நன்றாக வந்தது என்று. தினமும் சாப்பிடுகிறேன் என்று. இவரிடம் நான் வாருங்கள் என்று எழுதினால் வந்துவிடுவார், சந்தேகமே இல்லை. வந்து, வேலை கிடைக்காமல் நந்தனத்திலும் தி. நகரிலும் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவார். மனை கைவிட்டுப் போயிருக்கும். அப்போதும் என்னிடம், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். அதையும் காலமெல்லாம் அலசி அலசித் தின்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குச் சொல்லவே மாட்டார்.

கோபமும் இருந்தது, அதையும் மறைப்பானேன். அதென்ன, நான் வேண்டாம் என்று சொன்னால் போட மாட்டாராம்? அவருக்கு வர வேண்டும் என்று இல்லையா? எனக்கு வந்துவிட ஆசை என்று அவர் ஒரு வரி எழுதியிருந்தால் நான் நூறு தடவை வா வா என்று எழுதியிருப்பேன். ஆசையையும் நானே படவேண்டும், பொறுப்பையும் நானே ஏற்க வேண்டும், நல்ல நியாயம்! இதைக்கூடவா ஒருத்தி வாயைத் திறந்து சொல்ல வேண்டும்?

வெள்ளிக்கிழமை மத்தியானம் அத்தை தூங்கியபோது எழுத உட்கார்ந்தேன். பசை டப்பாவோடு யாரும் நிற்கவில்லை. நாலு விரல் மடிப்பு இல்லை, முழுசாக ஒரு வெள்ளைத்தாள். கிட்டத்தட்ட இரண்டு வருடமாக இதற்குத்தான் ஏங்கிக் கிடந்தேன். எழுதினேன். 'துருவல் எழுநூறு கிராம், நானூற்று நாற்பது இல்லை. தப்பு என்னுடையது. அழுத்தி அளக்க வேண்டும், தலை தட்டக் கூடாது. உப்பு அதே அறுபது. பழைய பாட்டிலைத் தயவுசெய்து கொட்டிவிடவும்.' வெந்தயம் எந்த நிறத்தில் வறுபட வேண்டும், எண்ணெய் எப்போது பிரிந்து மேலே வரும், எல்லாம் எழுதினேன். தாளில் பாதிக்கு மேல் இடம் மிச்சம் இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. மடித்து ஒட்டிவிட்டேன்.

சனிக்கிழமை அந்தத் தம்பி வந்தார். கவரைக் கொடுத்தேன். புதிதாகக் கிளறிய தொக்கு ஒரு பாட்டிலும் கொடுத்தேன். அவர் தெருவில் இறங்கி சைக்கிளை எடுத்தவர், திரும்பி என்னைப் பார்த்தார்.

"வேற எதுனா சொல்லணுமா அண்ணி? வாயால சொல்லு, அப்படியே போய் சொல்லிடறேன்."

ஒரு படி இறங்கி அவரிடம் போனேன். "இல்லப்பா, எல்லாம் எழுதியிருக்கேன்" என்றேன்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் அவருடைய கடிதம் வந்தது. அத்தை வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து படித்தார். 'அன்புள்ள அம்மாவுக்கு. எழுநூறு கிராமில் தொக்கு செய்தேன். அப்படியே உங்கள் கைமணம். அறையில் எல்லோரும் அடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.' அத்தை என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். பிறகு தொடர்ந்தார். 'கையெழுத்துப் போடுவதைப் பற்றி அவளைத் தனியாகவும் கேட்டு எழுதியிருந்தேன். அளவைத் திருத்தி அனுப்பினாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தையும் இல்லை. அவள் எழுதியிருந்தால் வந்திருப்பேன். கடைசி நாள் வரைக்கும் பார்த்துவிட்டு நேற்று கையெழுத்துப் போட்டேன்.'

அத்தை கடிதத்தை மடியில் வைத்தார்.

"உன்னைத் தனியா கேட்டானா?"

"கேட்டார்."

"நீ என்ன எழுதின?"

"எழுநூறு கிராம்னு எழுதினேன்."

"அது மட்டுமா?"

"அது மட்டும்தான்."

அத்தையின் குரல் உடைந்து போய் வந்தது.

"ஏண்டி இப்படிப் பண்ணின? வரச் சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கிருக்கறது ஒரே புள்ளை. ரெண்டு வருஷமா அவன் முகத்தைப் பாக்கல. நீ வரட்டும்னு சொல்லுவேன்னு நம்பித்தானே அன்னைக்கு உன்னைக் கேட்டேன்."

"நீங்கதானே அத்தை போடட்டும்னு சொன்னீங்க?"

"உனக்காகச் சொன்னேன்டி! உனக்கு அந்த மனை மேல ஆசைன்னு நெனச்சேன். புள்ளைய வரச் சொல்லி உன் ஆசையைக் கெடுத்தேன்னு நாளைக்கு நீ என்னைச் சொல்லக் கூடாது பாரு. எனக்கு எதுக்கு வேளச்சேரியில மனை? என்னைப் பொதைக்கவா?"

"நான் உங்களுக்குத்தான் ஆசைன்னு நெனச்சேன் அத்தை."

அத்தை என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் அவரைத் தவிர வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில், ஒருத்திக்கொருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு அதை மறைத்து வைத்திருந்தோம். நான் போய் அத்தையின் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். அவர் என் தலையில் கை வைத்ததும் ஓவென்று அழுதேன். அத்தையும் அழுதார். அவர் மஸ்கட்டிலிருந்து வர இன்னும் இரண்டு வருடமும் ஒரு மாதமும் ஆயிற்று.